வளர்ந்த நாய்க்கு வீட்டு ஒழுங்கு: பெங்களூர் பிளாட்டில் பிடிவாதக்கார நாயை வைத்திருப்பவர்களுக்கு

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் கொடுத்துவிட்டுப் போகும் லாப்ரடார், காப்பகத்திலிருந்து கூட்டி வந்த நாட்டு நாய், ஊரில் பெரியப்பா தோட்டத்தில் அவிழ்த்துவிட்டு வளர்ந்து இப்போது இரண்டு பெட்ரூம் பிளாட்டுக்கு வந்து சேர்ந்த சிப்பிப்பாறை. பெங்களூரில் ஐந்து வயதுக்கு மேற்பட்ட நாய் ஒரு வீட்டுக்குள் நுழைவது பெரும்பாலும் இப்படித்தான். வந்த பத்தாம் நாள் எல்லா வீட்டிலும் ஒரே புலம்பல்: "வயசாயிடுச்சு, இனிமே இது எங்க கத்துக்கப் போகுது?"

கற்றுக்கொள்ளும். குட்டியைவிட வளர்ந்த நாய்க்குக் கவனம் நிற்கும் நேரம் அதிகம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சோபாவில் ஏறினால் மெத்தென்ற இடம், மேசை அருகே முனகினால் இட்லித் துண்டு, இழுத்தால் இழுத்த பக்கம் நடை என்று பல வருஷமாக அதற்குக் கூலி தவறாமல் கிடைத்திருக்கிறது. நாம் அடம் என்று சொல்வது அந்த வருமானத்தை விட மனமில்லாததுதான். பழைய வேலைக்குக் கூலியை நிறுத்தி, நமக்கு வேண்டிய வேலைக்குக் கூலியைத் தொடங்க வேண்டும். 8 முதல் 12 வாரம் ஒதுக்குங்கள். ஒரு நாளைக்கு மொத்தம் 15 நிமிடம் போதும், ஆனால் வீட்டில் எல்லோரும் சேர வேண்டும்.

1. பாடத்துக்கு முன் டாக்டர்

சோபாவிலிருந்து இறக்கப் போனால் உறுமுகிற ஏழு வயது லாப்ரடாருக்குத் திமிர் என்று முடிவு கட்டாதீர்கள். இடுப்பு மூட்டு வலிக்கிற நாயும் அப்படித்தான் உறுமும். கூப்பிட்டால் திரும்பாத நாய்க்குக் காது மந்தமாகியிருக்கலாம். அது தூங்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று சாவிக் கொத்தை ஆட்டிப் பாருங்கள். காது அசையவில்லை என்றால் சொல்லால் பழக்குவதைவிடக் கைச்சாடையால் பழக்குவது சுலபம்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை: மூட்டு, பல், காது, கண் பரிசோதனை, ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகத்துக்கான ரத்தச் சோதனை, உண்ணிக் காய்ச்சல் சோதனை, எடை கூடிச் சோர்ந்திருந்தால் தைராய்டு. நம் ஊரில் உண்ணி வருஷம் முழுக்க உண்டு. உண்ணிக் காய்ச்சலால் எரிச்சல்படும் நாயைப் பயிற்சியால் மாற்ற முடியாது. தனியார் கிளினிக்கில் பார்க்க மட்டும் சுமார் 400 முதல் 800 ரூபாய், சோதனைகளோடு 2,500 முதல் 4,000 வரை ஆகலாம். ஹெப்பாள் கால்நடைக் கல்லூரி மருத்துவமனையிலும் குவீன்ஸ் ரோடு அரசு மருத்துவமனையிலும் செலவு குறைவு, காத்திருப்பு அதிகம். அரை நாள் லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே போய்விடுங்கள்.

மூட்டு வலி என்று தெரிந்ததும் வீட்டு அலமாரியில் இருக்கும் பாராசிட்டமாலையோ ஐபுபுரூஃபனையோ உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். நாய்க்கு அவை விஷமாகலாம்.

2. காகிதங்களை ஒரே ஃபைலில் வையுங்கள்

- தடுப்பூசி அட்டை. வெறிநாய்க்கடி ஊசி தேதி தெரியவில்லை என்றால் டாக்டரைக் கேட்டுப் புதிதாகப் போட்டுவிடுங்கள்.
- கருத்தடை செய்திருந்தால் அதன் சான்று, பழைய மருந்துச் சீட்டுகள்.
- முன்பு வளர்த்தவர் கையெழுத்திட்ட ஒப்படைப்புக் கடிதம். வெள்ளைத் தாளில் நாலு வரி போதும். "யாரையாவது இதற்கு முன் கடித்திருக்கிறதா?" என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்கட்டும். வாயால் கேட்டால் "சேச்சே" என்பார்கள், எழுதச் சொன்னால் யோசிப்பார்கள்.
- மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) இருந்தால் அதில் பதிவான பெயரையும் போன் நம்பரையும் மாற்ற வேண்டும்.
- மாநகராட்சி உரிமம். 2025 செப்டம்பரிலிருந்து நகரம் ஐந்து மாநகராட்சிகளாகிவிட்டது. உங்கள் வார்டு எதில் வருகிறது என்று பார்த்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். முகவரிச் சான்று, வெறிநாய்க்கடி ஊசிச் சான்று, நாயின் போட்டோ தயாராக இருக்கட்டும்.

வாடகை வீடு என்றால் பதினொரு மாத ஒப்பந்தத்தில் நாய் இருப்பதை ஒரு வரியாக எழுதி வாங்குங்கள். ஓனர் "பரவால்லம்மா" என்று சொன்னது காலி செய்யும் நாளில் அட்வான்ஸிலிருந்து கதவுக் கீறலுக்குக் கழிக்கும்போது உதவாது. குடியிருப்போர் சங்கம் நாய் வளர்ப்பதையே தடுக்கவோ லிஃப்டில் ஏறக் கூடாது என்று சொல்லவோ முடியாது என்பதை விலங்குகள் நல வாரியம் 2015ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அதே சமயம் பொது இடத்தில் நாயை லீஷில் (பிடித்து நடத்தும் கயிறு) வைப்பதும் கழிவை அள்ளுவதும் நம் பொறுப்பு. சங்கத்தோடு சண்டைக்கு அச்சடித்த தாளைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன், கையில் கழிவு அள்ளும் பை இருக்கட்டும்.

3. ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

எதையும் மாற்றாமல் ஏழு நாள் நோட்டில் நான்கு கட்டம் போட்டு எழுதுங்கள்: நேரம், அதற்கு முன் என்ன நடந்தது, நாய் என்ன செய்தது, உடனே அதற்கு என்ன கிடைத்தது. ஒரு வரி இப்படி இருக்கும்:

"இரவு 8:40. தாத்தா சப்பாத்தியோடு உட்கார்ந்தார். நாய் அவர் முட்டியில் பாதத்தை வைத்துச் சுரண்டியது. இரண்டு தடவை தள்ளிவிட்டார். மூன்றாவது தடவை துண்டு விழுந்தது."

நாய் இதில் கற்றது: மூன்று தடவை சுரண்ட வேண்டும். எப்போதாவது கிடைக்கும் கூலி தினமும் கிடைக்கும் கூலியைவிடக் கெட்டியாகப் பழக்கத்தை ஒட்ட வைக்கும், லாட்டரிச் சீட்டு வாங்குகிறவரைப் போல. நான்காவது கட்டத்தில் "ஒன்றும் கிடைக்கவில்லை, திட்டினேன்" என்று எழுதியிருந்தாலும் திரும்ப யோசியுங்கள். பகல் முழுக்க ஆபீஸ் போன் காலில் மூழ்கியிருப்பவர் ஹெட்போனைக் கழற்றி "ஏய், சும்மா இருக்க மாட்டே?" என்று திரும்பிப் பார்ப்பதே அதற்குப் பெரிய சம்பளம்.

4. ஃபிரிட்ஜில் ஒட்டும் தாள்

இதுதான் முக்கியமான படி. பெரும்பாலான வீடுகளில் பயிற்சி தோற்பதும் இங்கேதான்.

தாளின் மேல்பாதியில் எல்லைகள். நான்கைந்துக்கு மேல் வேண்டாம். சமையலறைக்குள் வரக் கூடாது, பூஜை அறைக்குள் வரக் கூடாது, சொல்லாமல் சோபாவில் ஏறக் கூடாது, சாப்பிடும்போது தன் இடத்தில் இருக்க வேண்டும், வாசல் கதவு திறந்தால் பாயக் கூடாது. "சில நேரம் பரவாயில்லை" என்று ஒருவர் நினைக்கிற விதியைத் தாளில் எழுதாதீர்கள். முழுதாக அனுமதியுங்கள், அல்லது முழுதாக நிறுத்துங்கள்.

கீழ்ப்பாதியில் சொற்கள். நம் வீடுகளில் அப்பா "உக்காரு" என்பார், பிள்ளை "சிட்" என்பான், வேலைக்கு வரும் அக்கா கன்னடத்தில் "கூத்கோ" என்பார். ஒரு செயலுக்கு ஒரு சொல்தான். நாய் கன்னட வீட்டிலிருந்து வந்திருந்தால் அதற்குத் தெரிந்த சொல்லையே வைத்துக்கொள்வது லாபம். ஏற்கெனவே தெரிந்த ஒரு சொல்லை அழித்துத் தமிழ் படிப்பிக்க என்ன அவசரம்?

சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் நம் மொழிக்கே உரிய சில வம்புகள் உண்டு. "உக்காரு" என்று வந்த விருந்தாளியிடமும் சொல்வோம். "வா" என்று பிள்ளையையும் கூப்பிடுவோம். அதனால் நாயின் பெயரை முதலில் சொல்லி, அரை நொடி விட்டுச் சொல்லைச் சொல்லுங்கள். படுக்கும் இடத்துக்குப் "பாய்" என்று பெயர் வைக்காதீர்கள். கோழிக்கடை பாயைக் கூப்பிடும்போது குழம்பும். மேலும் "பாய்" என்று கத்துவதைக் கேட்கும் பக்கத்து வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொள்வார். "எடம்" நல்ல சொல். சரியாகச் செய்த நொடியைக் காட்டும் ஒலியாகச் "சரி" வேண்டாம். போனில் நாளுக்கு நூறு தடவை சொல்கிறோம். நாக்கை மேலண்ணத்தில் தட்டி வரும் "டக்" ஒலி யாரும் வேறு எதற்கும் பயன்படுத்தாதது. அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பெரியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. "தாத்தா, தயவுசெஞ்சு குடுக்காதீங்க" என்று சொல்லி யாரும் ஜெயித்ததில்லை. அவர் கையிலேயே அன்றைய பங்கை ஒரு சின்ன டப்பாவில் கொடுத்துவிடுங்கள். ஒரே நிபந்தனை: நாய் தன் இடத்தில் படுத்திருக்கும்போது அங்கே போய்ப் போட வேண்டும், தட்டிலிருந்து அல்ல. கொடுக்கும் சந்தோஷம் அவருக்குக் குறையாது. பத்தே நாளில் நாய் அவரைக் கண்டதும் இடத்துக்கு ஓடும்.

5. வாங்க வேண்டியவை, வாங்கக் கூடாதவை

மார்புப் பக்கம் வளையமுள்ள ஹார்னஸ், அதாவது கழுத்தில் இல்லாமல் உடம்பில் மாட்டும் பட்டை (சுமார் 800 முதல் 1,500 ரூபாய்), 6 அடி சாதாரண லீஷ், குழந்தைகளுக்கான தடுப்புக் கேட் ஒன்று (2,500 முதல் 4,000), 4 அங்குல ஃபோம் படுக்கை, சுருட்டக்கூடிய ஒரு பாய் அல்லது யோகா விரிப்பு. கூடவே கைப்பிடி வளையம் இல்லாத மெல்லிய 6 அடி கயிறு. நீங்கள் வீட்டில் இருக்கும்போது மட்டும் இதை ஹார்னஸில் மாட்டிவிட்டால், கழுத்துப் பட்டையைப் பிடிக்கப் போய்க் கடி வாங்காமல் கயிற்று நுனியைப் பிடித்து நடத்திவிடலாம்.

இறுகும் சங்கிலி, உள்பக்கம் முள்ளுள்ள பட்டை, மின்னதிர்ச்சிப் பட்டை மூன்றும் வேண்டாம். வலியை நாய் எதோடு முடிச்சுப் போடும் என்பது நம் கையில் இல்லை. எதிரே சைக்கிளில் குழந்தை வரும்போது கழுத்து இறுகினால், அது குழந்தையால் வந்த வலி என்று எடுத்துக்கொள்ளலாம். பால்கனியில் கட்டிப்போடுவதும் பயிற்சி இல்லை. குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது 1960ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

கூலிக்கு: 100 கிராம் எலும்பில்லாத கோழியை உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்து, பாதிக் கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்கி ஃபிரீசரில் வையுங்கள். சைவ வீடு என்றால் பனீர். அன்றைய மொத்தச் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, அந்த அளவுக்குக் கிண்ணத்தில் குறையுங்கள். வயதான மூட்டு கூடுதல் எடையைத் தாங்காது.

6. "எடம்"

மற்ற எல்லா எல்லைக்கும் இதுதான் அடித்தளம். தடை சொல்லும்போது நாய்க்குப் போக ஓர் இடம் வேண்டுமே.

முதல் மூன்று நாள்: விரிப்பைத் தரையில் விரித்துவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். நாய் முகர வரும். ஒரு பாதம் பட்டதும் "டக்", துண்டை அதன் முன்னங்கால்களுக்கு நடுவில் விரிப்பின் மேலேயே போடுங்கள். கையில் ஊட்டினால் உங்கள் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். விரிப்பில் போட்டால் விரிப்பைப் பார்க்கும். பத்துத் துண்டு, மூன்று நிமிடம், அவ்வளவுதான். முடிந்ததும் விரிப்பைச் சுருட்டி எடுத்து வைத்துவிடுங்கள். விரிப்பு விரிந்தால் கடை திறந்திருக்கிறது என்று அதற்குப் புரிய வேண்டும்.

நான்காம் நாளிலிருந்து: நான்கு பாதமும் பட்டால்தான் கூலி. அடுத்து, தானாகப் படுத்தால். படுக்க வைக்க முதுகை அழுத்தாதீர்கள், வேடிக்கை பாருங்கள். நின்று சலித்த நாய் தானே படுக்கும்.

விரிப்பை விரித்ததும் ஓடி வந்து படுக்கிற நிலை வந்த பிறகே "எடம்" என்ற சொல்லைச் சேருங்கள். முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தால் அது பின்னணி இரைச்சலாகிவிடும்.

பிறகு நேரம். 3 நொடி, 5, 2, 8, 4, 10 என்று மாற்றி மாற்றி. ஏறிக்கொண்டே போனால் நாய் சலித்து எழும். பிறகு தூரம்: ஓரடி பின்னால் போய்த் திரும்புங்கள். பிறகு தொல்லை: நாற்காலி இழுக்கும் சத்தம், கரண்டி விழுவது, ஃபிரிட்ஜ் திறப்பது. குக்கர் விசிலுக்கும் மிக்ஸிக்கும் மிரளும் நாய் என்றால் அதைக் கடைசிக்கு வையுங்கள். பத்தில் எட்டுத் தடவை சரியாகச் செய்தால் அடுத்த படி. தொடர்ந்து இரண்டு தடவை தவறினால் ஒரு படி கீழே இறங்குங்கள்.

எழுந்து போகவும் ஒரு சொல் வேண்டும்: "போலாம்". இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எப்போது முடிகிறது என்று சொல்லாவிட்டால், முடிவை நாயே எடுக்கும்.

7. சோபா, சமையலறை, வாசல்

சோபாவில் ஏறிய நாயிடம் கை நீட்டாதீர்கள். "இறங்கு" என்று சொல்லித் தரையில் ஒரு துண்டை வீசுங்கள், நான்கு காலும் தரையில் பட்டதும் "டக்", இரண்டாவது துண்டு. வீசுவதுபோல் கையை மட்டும் அசைத்தாலே இறங்கும் வரை இது. துண்டுக்காகவே ஏறி ஏறி இறங்குகிற சாமர்த்தியசாலிகள் உண்டு. ஏறாமல் தன் படுக்கையில் இருக்கும்போது அடிக்கடி கூலி கொடுத்தால் அந்த வியாபாரம் படுத்துவிடும். நீங்கள் இல்லாத நேரத்தில் சோபா மேல் துணி காயவைக்கும் ஸ்டாண்டை மடக்கிப் போட்டு வையுங்கள். படுக்கையைச் சுவர் ஓரமாக, குடும்பம் உட்காரும் இடம் தெரிகிற மாதிரிப் போடுங்கள். பால்கனி மூலையில் போட்டால் அது படுக்கையில்லை, தண்டனை.

சமையலறைக்குக் கதவு இல்லாத பிளாட்டில் தடுப்புக் கேட் போடுவதே மானம் காக்கும். கேட் போட முடியாத அகலம் என்றால் தரையில் நிற டேப் ஒட்டி, நாய் கோட்டைத் தாண்டும்போது எதிரே நின்று ஓரடி முன்னால் வையுங்கள். தொடவோ அதட்டவோ வேண்டாம். பின்வாங்கியதும் துண்டு கோட்டுக்கு அந்தப் பக்கம் விழட்டும். சமையலறை எல்லைக்கு ஒழுங்கைவிடப் பெரிய காரணம் உண்டு: வெங்காயம், பூண்டு, சாக்லேட், திராட்சை எல்லாம் நாய்க்கு ஆகாது. சின்ன வெங்காயச் சாம்பார் சாதமும், பாயசத்தில் மிதக்கும் உலர் திராட்சையும் அதில் அடக்கம்.

வாசல் மணிக்கு, மணிச் சத்தத்தை போனில் பதிவு செய்து மிகக் குறைந்த ஒலியில் போடுங்கள். ஒலித்ததும் "எடம்", கூலி. நாளுக்கு ஐந்து தடவை, இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒலியைச் சற்றுக் கூட்டுங்கள். இந்த வாரங்களில் நிஜ மணி அடித்துப் பயிற்சியைக் கெடுக்காமல் இருக்க டெலிவரிக் குறிப்பில் "மணி அடிக்க வேண்டாம், வாசலில் வைக்கவும்" என்று போட்டுவிடுங்கள். கதவைத் திறக்கும் முன் லீஷ் மாட்டியிருக்க வேண்டும், விதிவிலக்கு இல்லை.

8. உறுமினால்

திட்டாதீர்கள். உறுமல் எச்சரிக்கை மணி. மணியைப் பிடுங்கிவிட்டால் அடுத்த தடவை நேரே பல்தான். நின்று, பார்வையை விலக்கி, மெதுவாகத் தள்ளிப் போய், எதற்கு உறுமியது என்று நோட்டில் எழுதுங்கள்.

சாப்பாட்டுக் கிண்ணத்தைக் காக்கும் நாயிடம் "யார் எஜமான்" என்று காட்டக் கிண்ணத்தைப் பிடுங்குவது ரொம்பப் பழைய தப்பு. நீங்கள் வந்தால் சாப்பாடு போகும் என்ற பயத்தை அது உறுதி செய்கிறது. அது சாப்பிடும்போது, உடல் விறைக்காத தூரத்தில், ஆறடி என்றால் ஆறடியில், நடந்து போகிற போக்கில் கோழித்துண்டை எறிந்துவிட்டு நிற்காமல் போங்கள். வாரத்துக்கு ஓரடி நெருங்கினால் போதும். வாயில் செருப்பு இருந்தால் பண்டமாற்று: மூக்கருகே துண்டு, விட்டதும் "விடு", கூலி.

குழந்தை இருக்கும் வீட்டில் உறுமல் இருந்தாலோ, தோல் கிழியக் கடித்திருந்தாலோ, உறுமாமல் விறைத்து நின்று கடித்தாலோ இந்தக் கட்டுரையை மூடிவிட்டுக் கால்நடை டாக்டர் வழியாக நடத்தை நிபுணரைப் பாருங்கள். கடி பட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்து 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரி. மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் போக வேண்டும்.

9. தெருவில்

லீஷ் இறுகினால் நில்லுங்கள், தளர்ந்தால் நடங்கள். முதல் வாரம் பத்து நிமிடத்தில் ஐம்பது மீட்டர்தான் போவீர்கள். இதற்கென்று ஒரு நடை, முகர்ந்து திரிய இன்னொரு நடை என்று பிரித்துக்கொள்ளுங்கள். காலை 5:30 மணிக்குத் தெரு அமைதி. தெரு நாய்கள் வந்தால் ஓடாமல், நாயைத் திருப்பிக்கொண்டு, ஒரு கைப்பிடி பிஸ்கட்டை அவற்றின் பக்கம் இறைத்துவிட்டு வந்த வழியே போங்கள். மழைத் தேங்கலில் இறங்கவிடாதீர்கள், எலிக் காய்ச்சல் ஊசி போட்டிருக்கட்டும்.

10. பயிற்சியாளரை அமர்த்துவதென்றால்

நாய்ப் பயிற்சிக்கு யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். அதனால் முதல் கேள்வி: "தப்புப் பண்ணினா என்ன செய்வீங்க?" பதிலில் சங்கிலி, அதட்டல், "ஆல்ஃபா" (நாயை அடக்கி நாம்தான் தலைவர் என்று காட்டுவது) வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். வீட்டுக்கு வந்து பழக்க ஒரு தடவைக்குச் சுமார் 800 முதல் 1,500 ரூபாய் வரை கேட்பார்கள். மாதப் பணத்தை முன்கூட்டி மொத்தமாகக் கொடுக்காதீர்கள். ஒரு மாதம் தங்கவைத்துத் திருத்தித் தருகிறோம் என்பதில் வளர்ந்த நாய்க்குப் பலன் குறைவு. அங்கே அவருக்குக் கீழ்ப்படியும், இங்கே வந்ததும் அதே சோபா, அதே தாத்தா, அதே சப்பாத்தி.

11. எப்போது என்ன எதிர்பார்க்கலாம்

கூலியை நிறுத்திய முதல் சில நாளில் குரைப்பும் சுரண்டலும் கூடலாம். காசு போட்டும் பொட்டலம் விழாத மெஷினை உலுக்குவது போல அது கடைசி முயற்சி. ஒரு வாரம் வரை நீளலாம். அந்த வாரத்தில் ஒரே ஒரு துண்டு விழுந்தாலும் "இவ்வளவு கத்தினால் கிடைக்கும்" என்று கற்றுக்கொள்ளும். அதனால் பரீட்சை நேரத்திலோ விருந்தாளி வரும் வாரத்திலோ தொடங்காதீர்கள். கீழ் வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் வாரத்தில் "எடம்" நிலைக்கும், ஆறாம் வாரத்தில் சாப்பாட்டு மேசை அமைதியாகும், வாசல் கடைசியில்தான் வரும். தீபாவளி வெடிச் சத்தத்துக்கும் ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து தங்கும் வாரத்துக்கும் பிறகு பழசு கொஞ்சம் தலைதூக்கும். அப்போது இரண்டு வாரம் விரிப்பையும் கோழித்துண்டையும் மறுபடி எடுங்கள், முதல் நாள் படியிலிருந்து.